ஒரு டம்ளர் உப்பு

பஞ்சநதத்துக்கு ஒரே கவலைதான். கனடாவில் ஆறு மாதக் கர்ப்பிணியாக இருக்கும் மகள் வானதி, வாசலில் உறைந்து கிடக்கும் பனியில் வழுக்கி விழுந்துவிடக் கூடாது. குத்தாலத்தில் உட்கார்ந்துகொண்டு அவரால் வேறென்ன செய்ய முடியும்? தினமும் காலையில் வீடியோவில் அழைத்து அதிகாரம் செய்தார்.

"பனி உருகத் தூவுற அந்த உப்பைக் கிள்ளிக் கிள்ளிப் போடாதம்மா. மூட்டையோட கவுத்து விடு!"

"வேண்டாம்ப்பா. முதல்ல அவரு பனியைச் சுரண்டித் தள்ளிடுவாரு. அப்புறம் நான் ஒரு டம்ளர் தூவினாலே போதும். கொட்டினா செடி கொடியெல்லாம் செத்துடும், மிச்சம் ஏரித் தண்ணியில போய்ச் சேரும்."

உரம் விசிறுவதில் ஊரே மெச்சிய கை அவருடையது. அவருக்கே பாடமா?

"தென்னைக்கு வருஷா வருஷம் உப்பு வைக்கிறோமே, எந்த மரம் செத்துச்சு? பத்தே நாள்ல நிரூபிச்சுக் காட்டுறேன் பாரு."

மனைவி தர்மாம்பாள் பட்டுக்கோட்டையில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தது வசதியாகப் போயிற்று. கொல்லையில் அவள் போட்டிருந்த அரைக்கீரைப் பாத்தியில் இரண்டு படி உப்பைக் கொட்டித் தண்ணீரும் விட்டார். மூன்றாம் நாள் கீரை தலையைத் தொங்கப் போட்டது. ஐந்தாம் நாள் பாத்தியே கருகிவிட்டது. மனுஷர் அசரவில்லை, வீடியோவில் தென்னை மரத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தார்.

ஆறாம் நாள் தர்மாம்பாள் வந்து இறங்கினாள். போனைப் பிடுங்கி மகளுக்குப் பாத்தியைக் காட்டினாள்.

"உங்கப்பா நிரூபிச்சிருக்கிற லட்சணத்தைப் பாருடி!"

மானம் கப்பலேறிவிட்டது. போகட்டும், மகள் விழாமல் இருக்க வேண்டுமே!

"சரிம்மா, நீ சொன்னதுதான் சரி. ஒரு டம்ளர் போதும். ஆனா ஒரே இடத்துல குமிக்காத. யூரியா விசிறுற மாதிரி விரலை விரிச்சு, கையை வீசிப் போடணும். இரு, காட்டுறேன்."

தர்மாம்பாள் உப்பு ஜாடியைத் தொடவிடவில்லை. டம்ளரில் மணலை அள்ளிக்கொண்டார். போனை அவள் பிடிக்க, கொல்லைக் குழாயடியில் நடந்தபடியே கையை வீசினார். ஒரு வீச்சு, இரண்டு வீச்சு. மூன்றாவதில், மார்கழி மழையில் பிடித்திருந்த பாசியில் கால் வழுக்கிப் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஐயோ, அப்பா!" என்று கனடாவில் அலறினாள் வானதி.

"ஒண்ணும் இல்லம்மா, சும்மா உக்காந்தேன்."

வானதிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. தர்மாம்பாள் அவரையும் பார்த்தாள், கருகிய பாத்தியையும் பார்த்தாள்.

"ஏங்க, உங்களுக்கு உப்பு ஒரு டம்ளர் போதுமா, மூட்டையோட கவுக்கட்டுமா?"