முன்னால் போக வேண்டிய விளக்கு

சிங்கவரத்துக்குள் ஒரு கல்யாணக் கார் வந்து நின்றது அதுதான் முதல் தடவை. உலகச் சண்டை முடிந்து, பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணில் பட ஆரம்பித்திருந்த காலம். மாப்பிள்ளை வீடு செஞ்சியில். அவர்களுக்குத் தடபுடல் கொஞ்சம் ஜாஸ்தி. பொண்ணை மாட்டுவண்டியில் கூட்டிப் போனால் மானம் போய்விடுமாம், வாடகைக்கு ஒரு கறுப்புக் காரைப் பிடித்து அனுப்பிவிட்டார்கள். போகட்டும், கார் வந்ததில் தப்பில்லை. அந்தக் காரையும் மாட்டுவண்டி என்றே நினைத்துக்கொண்டார்களே, அங்கேதான் வினை.

பொண்ணு வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தாலி கட்டின பொண்ணு புருஷன் வீட்டுக்குப் புறப்படும்போது, வீட்டுப் பெண் குழந்தை ஒன்று ஏற்றின காமாட்சி விளக்கோடு வண்டிக்கு முன்பக்கம் உட்கார்ந்து போக வேண்டும். பொண்ணுக்கு முந்தி விளக்கு ஊருக்குள் நுழைய வேண்டும், அவ்வளவுதான் விஷயம். மாட்டுவண்டியில் இதில் ஒரு கஷ்டமும் இல்லை. வண்டிக்காரர் பக்கத்தில் குந்திக்கொண்டால் முடிந்தது. காருக்கு முன்பக்கம் எது?

கல்யாணப் பொண்ணு கமலாம்பாளின் அக்கா செல்லம்மாள் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். டிரைவர் பக்கத்து சீட்டை எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "கண்ணாடிக்கு உள்ள வெளக்கு இருந்தா அது முன்னாடி போறதா ஆவுமா?" பிறகு முன்சக்கரத்துக்கு மேலே பளபளவென்று வளைந்திருந்த மட்கார்டைக் கையால் தட்டிப் பார்த்தாள். "இதான் எடம். கொழந்தய ஒக்கார வையுங்க."

"நடக்குற வேகத்துலதான் ஓட்டுவேன், பயப்படாதீங்கம்மா" என்றான் டிரைவர் செபாஸ்தியான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. அவன் ஓட்டிப் போன எல்லாக் கல்யாணத்திலும் பிள்ளைகள் மட்கார்டிலும் புட்போர்டிலும் தொற்றிக்கொண்டுதான் வந்தார்கள்.

விளக்குப் பிடிக்கிற குழந்தை செல்லம்மாளின் தம்பி அரங்கநாதனின் மகள், மீனம்பாள். ஆறு வயசு, முன்பல் ரெண்டும் விழுந்த வாய். பெற்றவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து, போன தையில்தான் அரங்கநாதன் விருத்தாம்பாளைக் கட்டிக்கொண்டு வந்தான். வந்ததிலிருந்து விருத்தாம்பாளும் தலை வாரிப் பார்த்தாள், வேர்க்கடலை வறுத்துக் கொடுத்துப் பார்த்தாள், பொம்மை தைத்துப் பார்த்தாள். அந்தக் குட்டி மசியவே இல்லை. அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "நைனா, சித்திய எனக்குத் தண்ணி குடுக்கச் சொல்லு" என்று அப்பனிடம் சொல்லும். வயிறு எரியாதா? எரிந்தது. ராத்திரி தூங்குகிற குழந்தையின் தலையைத் தடவிவிட்டு, விடிந்ததும் தடவாத மாதிரி இருந்துகொள்வாள். ஊர்ப் பெண்களோ, சித்தி எப்போது கிள்ளுவாள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்திருந்தார்கள்.

அன்றைக்கு மீனம்பாளைக் கையில் பிடிக்க முடியவில்லை. புதுப் பட்டுப் பாவாடை, தலை நிறைய கனகாம்பரம். அரங்கநாதன் தூக்கி மட்கார்டில் உட்கார வைத்ததும் ராணி மாதிரி சுற்றிலும் பார்த்தாள். விளக்கைக் கையில் கொடுத்தார்கள். காற்றில் சுடர் அணையக் கூடாதே, இன்னொரு கையைக் குவித்து மறைத்துக்கொண்டாள். செபாஸ்தியான் எஞ்சினைக் கிளப்பினான். கார் ஒரு குலுக்குக் குலுக்கியது. பட்டுப் பாவாடை அந்த வழவழத் தகரத்தில் நாலு விரல்கடை சறுக்கியது.

வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை, விருத்தாம்பாள் பார்த்தாள். ஒரு கையில் விளக்கு, ஒரு கை சுடருக்கு மறைப்பு. பிடித்துக்கொள்ள இந்தக் குழந்தைக்கு மூணாவது கை எங்கே இருக்கிறது? கீழே பார்த்தாள். குழந்தையின் காலுக்கு நேர் கீழே சக்கரம்.

"எறக்குங்க அவள" என்றாள்.

மேளக்காரன்கூட நிறுத்திவிட்டான். புது மருமகள் வாய் திறந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"இன்னா சொன்ன?" என்றாள் செல்லம்மாள்.

"எறக்கச் சொன்னேன் அண்ணி. விழுந்தா நேரா சக்கரத்துக்கு அடியிலதான் போவா."

"அடி ஆத்தே! நல்ல காரியத்துல பேசற பேச்சாடி இது? தாயில்லாப் புள்ள ஒரு நாளு சந்தோசமா இருந்தா ஒனக்குப் பொறுக்கலயா? பெத்தவளா இருந்தா பாத்துப் பூரிச்சிருப்பா!"

சுருக்கென்று குத்தியது. அவளுக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்தேதான் செல்லம்மாள் அந்த இடத்தில் குத்தினாள். விருத்தாம்பாள் புருஷனைப் பார்த்தாள். அந்த மகராசன் காரைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், கடைசியில் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தான். "மெதுவாதானே போவுது, இந்தா, சும்மா இரேன்" என்று முனகினான்.

சும்மா இருந்திருந்தால் நல்ல பேர் கிடைத்திருக்கும். அது அவளுக்குத் தெரியாதா என்ன? இப்போது குழந்தையை இறக்கினால் அது ஜென்மத்துக்கும் தன் மூஞ்சியில் முழிக்காது என்பதும் தெரியும். முழிக்காவிட்டால் போகிறது, உசிரோடு இருக்கட்டும் என்று நினைத்தாள். விறுவிறுவென்று போய், விளக்கை வாங்கிப் புருஷன் கையில் திணித்துவிட்டு, குழந்தையை இடுப்போடு வாரி இறக்கினாள்.

மீனம்பாள் வீலென்று கத்தினாள். "நீ கெட்ட சித்தி! எனக்கு ஒன்னப் புடிக்கல!" எட்டி உதைத்ததில் விருத்தாம்பாளின் கால் எலும்பில் நல்ல அடி.

"வெளக்கு முன்னாடி போவாம எந்தங்கச்சி அந்த வாசப்படிய மிதிச்சா, அவளுக்கு வர்ற கெடுதிக்கு நீதான் பொறுப்பு, ஆமா!" என்றாள் செல்லம்மாள்.

"வெளக்கு முன்னாடி போவணும், அவ்ளோதானே அண்ணி? போவும்."

சொல்லிவிட்டு விளக்கைப் புருஷனிடமிருந்து ஒரு கையில் வாங்கிக்கொண்டாள். இன்னொரு கையில் குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்தாள். செஞ்சி ரோட்டில் நடக்க ஆரம்பித்துவிட்டாள்! காரில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பொண்ணு தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். விளக்கைத் தாண்டிக் கார் போகக் கூடாதே. செல்லம்மாள் முணுமுணுத்துக்கொண்டே பொண்ணு பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். ஏறுமுன், விளக்கு வைத்த இடம் வெறுமையாக இருக்கக் கூடாது என்று சீருக்கு வைத்திருந்த பித்தளைக் குடத்தைத் தேங்காயோடு மட்கார்டில் வைக்கச் சொன்னாள். அரங்கநாதன் அதைக் காருக்குப் போட்டிருந்த மாலையோடு சேர்த்து ஒரு சணல் கயிற்றால் கட்டிவிட்டுக் காருக்குப் பின்னால் நடந்தான்.

அடேயப்பா, என்ன ஊர்வலம் அது! காருக்கு முன்னால் ஒரு கல்லெறி தூரத்தில் விருத்தாம்பாள். அவள் கையில் தொங்கிக்கொண்டு, அழுது மூக்கை உறிஞ்சிக்கொண்டு மீனம்பாள். பின்னால் கார் உறுமிக்கொண்டு ஊர்ந்தது. கடலைக் கொல்லையில் களை எடுத்தவர்கள் எழுந்து நின்று சிரித்தார்கள். "ஏம்மா, காருக்கு வழி தெரியாதா?" என்று ஒருத்தி கேட்டாள். விருத்தாம்பாளுக்கு முகமெல்லாம் எரிந்தது. கோட்டை மலையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

ஏரிக்கரைத் திருப்பத்தில் அவர்கள் ரெண்டு பேரும் கடந்த பிறகு, கரையிலிருந்து ஒரு வெள்ளாட்டுக் குட்டி குதித்துக் காருக்குக் குறுக்கே ஓடியது. செபாஸ்தியான் பிரேக்கை மிதித்தான். நடக்கிற வேகம்தான், அதற்கு மேல் இல்லை. ஆனாலும் சணல் கயிறு பட்டென்று அறுந்தது. தேங்காய் ஒரு பக்கம் தெறித்தது. குடம் சறுக்கிச் சக்கரத்துக்கு முன்னால் விழுந்தது. கார் நிற்பதற்குள் இன்னும் ஒரு முழம் நகர்ந்துவிட்டது.

நசுங்குகிற சத்தம் கேட்டு விருத்தாம்பாள் திரும்பினாள். ஆட்டுக்குட்டி கத்திக்கொண்டே ஓடியது. செபாஸ்தியான் இறங்கி, சக்கரத்துக்கு அடியில் குனிந்து பார்த்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். அரங்கநாதன் அந்தப் பித்தளைத் தகட்டைக் கையில் எடுத்தான். ரோட்டு ஓரத்தில் அப்படியே குந்திவிட்டான். "என் கையாலதான் தூக்கி வச்சேன்" என்றான்.

மீனம்பாள் நசுங்கின குடத்தைப் பார்த்தாள், காலி மட்கார்டைப் பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது.

செல்லம்மாள் காரை விட்டு இறங்கினாள். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அந்த அம்மாளுக்குப் பிறந்ததிலிருந்தே கிடையாது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே விருத்தாம்பாளிடம் வந்தாள். குழந்தையின் கன்னத்தை ஒரு தரம் தொட்டாள்.

"வெளக்க இப்டிக் குடு. ரெண்டு பேரும் போயி உள்ள ஒக்காருங்க."

"நீங்க நடப்பீங்களா அண்ணி? முட்டி வலிக்குமே."

"வலிச்சா வலிச்சிட்டுப் போவுது. இனிமே நம்ம வீட்டுல வெளக்கு நடந்துதான் போவும், புள்ளைங்க உள்ளதான் ஒக்காரும். எவளாவது கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன்."

அந்தக் கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு, சுடரைக் கையால் மறைத்து, வழியெல்லாம் செபாஸ்தியானைத் திட்டிக்கொண்டே செல்லம்மாள் முன்னால் நடந்தாள். விருத்தாம்பாள் பின்சீட்டில் கமலாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மீனம்பாளைச் சீட்டுக்கு முன்னால் கீழே தன் ரெண்டு முழங்காலுக்கும் நடுவில் உட்கார வைத்து, தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டாள். குழந்தை கையைத் தட்டிவிடவில்லை. அதுவே பெரிசு என்று அவள் இருந்துவிட்டாள்.

செஞ்சிக் கடைத்தெரு வந்ததும் மாப்பிள்ளை வீட்டு மேளம் சேர்ந்துகொண்டது. கூட்டம் கூடியது. செல்லம்மாளின் மகன் தனகோட்டிக்கு எட்டு வயசு, கால் சும்மா இருக்காது. காருக்குப் பின்னால் நடந்து வந்தவன் ஓடி வந்து புட்போர்டில் தொற்றி ஏறி, ஜன்னலில் முகத்தை வைத்துப் பல்லைக் காட்டினான்.

விருத்தாம்பாள் வாயைத் திறப்பதற்குள் மீனம்பாள் எழுந்து, சித்தியின் கையை விடாமல், ஜன்னல் பக்கம் எட்டிக் கத்தினாள்.

"டேய், எறங்குடா! எங்கம்மா பாத்துதுன்னா காரையே நிறுத்திப்புடும்!"