மரியாதைக்குக் கொடுத்த கல்

நிகாந்த்ரோ தூக்கிக் காட்டிய கல்லுரல் மினுமினுவென்று கறுப்பாக இருந்தது. முன்பக்கம் பன்றித் தலை ஒன்று செதுக்கப்பட்டிருந்தது.

"பாரு ராசாத்தி, மூக்கும் காதுமா எவ்வளவு லட்சணம்!"

"லட்சணத்தை அரைச்சு யாருக்கு ஊத்தறது?"

காலையில் சந்தைக்குக் கிளம்பியதிலிருந்து நான் அவனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். கடைக்காரி தெயோஃபிலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுடைய குடத்திலிருந்து ஒரு கை தண்ணீரை அள்ளிப் பன்றிக்குள் தெளித்தேன். கட்டட வேலை நடக்கும் வீட்டு வாசனை வந்தது.

"சிமெண்டுதான் அக்கா. ஊர் சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு வெச்சிருக்கேன். உங்க வீட்டுக்காரர் நேரா அதுகிட்டயே போயிட்டார்."

"அவர் எப்பவும் அப்படித்தான்."

போன ஞாயிற்றுக்கிழமை அவனுடைய சித்தப்பா மகனும் மனைவி யாதிராவும் சாப்பிட வந்திருந்தார்கள். யாதிரா சிகாகோவில் பிறந்து வளர்ந்தவள். நான் அரைத்த பச்சை மிளகாய்ச் சட்னியைச் சோள ரொட்டியால் வழித்து வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கல்லுரலைத் தடவி, "என்ன அழகு!" என்றாள். உடனே நிகாந்த்ரோ நெஞ்சில் கை வைத்து, "அது உங்களோடதுதான்" என்றான்.

எங்கள் நாட்டில் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். சட்டையைப் புகழ்ந்தாலும் வீட்டைப் புகழ்ந்தாலும் அதே பதில்தான். புகழ்ந்தவர், "உங்ககிட்டயே இருக்கட்டும், அங்கதான் அழகு" என்பார். பேச்சு வேறு பக்கம் போய்விடும். சொன்னதையெல்லாம் எடுத்துக்கொண்டு போயிருந்தால் மெக்சிகோவில் ஒரு வீட்டுக்கும் கூரை மிஞ்சியிருக்காது. ஆனால் யாதிராவுக்கு அது தெரியவில்லை. கைதட்டினாள். அவனைக் கட்டிக்கொண்டாள், என்னையும் கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலாக நான் நிகாந்த்ரோவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஒரு வார்த்தை மறுத்துச் சொன்னால் போதும். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. மிச்சமிருந்த சட்னியை வழித்துத் தின்றுவிட்டு, கல்லைத் தானே தூக்கிப்போய் அவர்கள் காரில் வைத்தான்.

கல்யாணமான மாதம் வாங்கிய கல் அது. என் மதியச் சாப்பாட்டுக் கடையே அதன் மூன்று காலில்தான் நின்றது. தக்காளியும் பூண்டும் சுட்ட மிளகாயும் குடித்துக் குடித்து, வெறும் உப்பை அரைத்தால்கூட ருசி கொடுக்கிற பக்குவத்துக்கு வந்திருந்தது. குழவி மட்டும் தப்பித்தது. அதை நான் தொட்டியில் கழுவிக்கொண்டிருந்தபோது நிகாந்த்ரோ காரிலிருந்து திரும்பி வந்து நின்றான்.

"குழவியக் குடு. கல்லு தனியாப் போகுது."

"போகட்டும். வேணும்னா நானும் தனியாப் போறேன்."

அவன் வெறுங்கையோடு திரும்பிப் போனான். அன்றிலிருந்து அந்தக் குழவி என் பையில்தான் இருக்கிறது.

தெயோஃபிலா சாக்கை விலக்கி நல்ல கற்களை எடுத்து வைத்தாள். குழவியால் ஒவ்வொன்றையும் தேய்த்துப் பார்த்தேன். ஒன்று மாவாக உதிர்ந்தது. இன்னொன்றில் பூண்டுப் பல் ஒளிந்துகொள்ளும் அளவுக்குக் குழிகள். மற்றொன்றுக்குக் கால் ஆடியது. கடைசியாக ஒரு சாம்பல் நிறக் கல், அலங்காரம் எதுவும் இல்லாதது, குழவி பட்டதும் கணீரென்றது. தெளித்த தண்ணீரை அவசரமில்லாமல் உள்ளே வாங்கியது.

அப்போதுதான் கைப்பேசியில் யாதிரா அனுப்பிய படம் வந்தது. வாசற்படி ஓரம் ஒரு மேசை. அதன்மேல் என் கல். உள்ளே கார் சாவியும் சில்லறைக் காசும் ஒரு கறுப்புக் கண்ணாடியும். ‘வர்றவங்க எல்லாம் எங்க வாங்கினதுன்னு கேக்கறாங்க!’ என்று எழுதி, ஒரு இதயமும் போட்டிருந்தாள்.

அதை அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"பாரு. உன் மரியாதை."

வெகுநேரம் பார்த்தான்.

"சாவியா?"

"சாவி."

அதற்குப் பிறகு அவன் ராசாத்தி என்று கூப்பிடவில்லை. சாம்பல் நிறக் கல்லையும் அதன் குழவியையும் சுமந்துகொண்டு எனக்குப் பின்னால் நடந்து வந்தான்.

வீட்டு முற்றத்தில் கல்லை இறக்கினான். நான் ஒரு படி அரிசியும் உப்பும் கொண்டுவந்து வைத்தேன்.

"மாவு வெள்ளையா வர்ற வரைக்கும் அரை. அப்புறம் பேசலாம்."

அரைத்தான். அடுப்புச் சாம்பல் போல வந்தது. கொட்டிவிட்டு மறுபடி அரைத்தான். கொஞ்சம் வெளுத்ததும் கிண்ணத்தை நீட்டினான். ஒரு சிட்டிகை எடுத்துப் பல்லில் கடித்தேன். நறநறத்தது.

"மண்ணு."

"கை விட்டுப்போச்சு."

"எனக்கும்தான். பதினெட்டு வருஷமா."

அவன் மறுபடி அரைக்கக் குனிந்தான். நானும் உள்ளே போகவில்லை. பழைய குழவியைக் கையில் பிடித்தபடி சமையலறை வாசலிலேயே நின்றேன். மன்னித்துவிட்டு நின்றேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பக்கத்து வீட்டு எவாரிஸ்தோ சுவருக்கு மேல் தலையை நீட்டினார்.

"அடேயப்பா, நிகாந்த்ரோ! எங்கய்யா புடிச்ச இந்தக் கல்லை? என்ன அழகு!"

அரைக்கிற சத்தம் நின்றது. மணிக்கட்டு வரை சாம்பல் நிற மாவு அப்பிய அவன் வலது கை, பழக்க தோஷத்தில், நெஞ்சை நோக்கி எழும்பியது. வாய் திறந்தது. அப்படியே நின்று, திரும்பி என்னைப் பார்த்தான்.

எவாரிஸ்தோ சுவரில் சாய்ந்து, சிரித்த முகத்தோடு காத்திருந்தார்.

நிகாந்த்ரோ தலையிலிருந்த ஓலைத் தொப்பியைக் கழற்றினான். மெதுவாக, அதைக் கல்லின்மேல் கவிழ்த்தான்.