வெந்நீர் கண்ட பனியன்

காதர்பேட்டை பனியன் வியாபாரி ஹிதாயத்துல்லாவுக்கு மனைவி குல்சார் பேகம் தன் கிட்னியைக் கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. அந்தக் கிட்னி நிலைக்கச் சாப்பிடும் மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிட, கிருமி வலது கண்ணில் புகுந்து விழித்திரையைக் கிழித்துவிட்டது. ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் வாயு நிரப்பிய டாக்டர், பத்து நாள் குப்புறவே படுத்துக் கிடக்கச் சொல்லியிருந்தார்.

அன்றிலிருந்து குல்சார் பேகம் வாசலில் காவல். வெளியிலிருந்து வரும் துணி எதுவும் வெந்நீரில் முங்காமல் உள்ளே போகாது.

ஆறாம் நாள் பனியன் கம்பெனி முதலாளி லிங்கசாமி மாஸ்க் போட்டுக்கொண்டு ஒரு சாம்பிள் பனியனோடு வந்தார். தரையைப் பார்த்துக் கிடக்கிறவரிடம் சாம்பிளுக்குச் சரி வாங்குவது சுலபம் என்று அவருக்கு நினைப்பு.

"பெரியவங்க சைஸுங்க பாய். தொட்டுப் பார்த்தாலே தெரியுமுங்க."

ஹிதாயத்துல்லா கையை நீட்டுவதற்குள் குல்சார் பேகம் பனியனை வாங்கிக்கொண்டாள். "கொதிக்க வெச்சுட்டுத் தர்றனுங்கண்ணா."

அடுப்பில் தண்ணீர் தளதளத்தது. லிங்கசாமியின் கால்கள் நிலைகொள்ளாமல் தவித்தது மட்டும் ஹிதாயத்துல்லாவுக்குத் தெரிந்தது.

இஸ்திரி போட்டுக் காயவைத்த பனியன் கைக்கு வந்ததும் தடவிப் பார்த்தார். "ஏனுங்க, இது எல்கேஜி பையனுக்குங்களா?"

ஹிதாயத்துல்லாவின் முதுகு குலுங்கியது.

"சிரிக்காதீங்க, கண்ணு அதிரும்" என்றாள் குல்சார் பேகம்.

பத்தாம் நாள் டாக்டர் பார்த்துவிட்டு, விழித்திரை நன்றாக ஒட்டிக்கொண்டது என்றார். மறுநாளே வேறு துணியில் தைத்த சாம்பிளோடு லிங்கசாமி வந்து, அதை நேராகக் குல்சார் பேகத்திடம் நீட்டினார்.