எட்வர்ட் கோலாவை விட்ட தவக்காலம்

தவக்காலத்துக்கு எதை விடுவது என்பதில் எட்வர்ட் கெட்டிக்காரன். போன வருடம் பாகற்காயை விட்டான். அதற்கு முந்தின வருடம் ஆட்டிறைச்சியை. விலையைக் கேட்டாலே தலை சுற்றும் சாமானை நாற்பது நாள் தொடாமல் இருப்பதில் அவனுக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. பாகற்காயை அவன் பிறந்ததிலிருந்தே வாயில் வைத்ததில்லை என்பது, கல்யாணம் முடித்துப் பதினெட்டு வருடமான றோசாலிக்குத் தெரியாமலா போகும்? அதனால் இந்த முறை தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின நாளே அவள் அடுப்படியில் வைத்து வழிமறித்தாள்.

“இந்த வருசமாவது உண்மையா எதையாச்சும் விடுங்க. மேல இருக்கிறவருக்கும் கண்ணு இருக்கு.”

அடுத்து அவள் வாயில் சாராயம் என்ற சொல்தான் வரப்போகிறது என்று எட்வர்டுக்குத் தெரியும். அதற்குள் முந்திக்கொள்ள வேண்டும். அவன் கண் ஜன்னலோரம் அடுக்கியிருந்த காலிப் போத்தல்களில் விழுந்தது.

“கோலாவ விட்டுர்றேன்.”

அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள், வாக்குவாதம் வரும் என்று அவன் தயாராகத்தான் நின்றான். றோசாலி கொஞ்சம் யோசித்தாள். “சரி, நல்லதுதான்,” என்று சொல்லிவிட்டுப் பானைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எட்வர்ட் மனதுக்குள் சிலுவை போட்டுக்கொண்டான். இவ்வளவு மலிவாகத் தப்பித்த வருடம் வேறில்லை.

எட்வர்ட் ஸ்பிரிங்வெளியிலிருந்து பதுளைக்கு ஓடும் தனியார் பஸ்ஸின் சாரதி. டீத்தோட்டத்தில் பிறந்து வளர்ந்தும் தேத்தண்ணி குடிக்காதவன். அவனுடைய அம்மா ஃபேக்டரியில் தூள் சலிக்கிற பக்கம் வேலை பார்த்தவள். அவள் சேலையிலும் தலையிலும், அவள் பிசைந்து கொடுத்த சோற்றிலும்கூட அந்த வாசம்தான். அது போதும் என்று ஆகிவிட்டது அவனுக்கு. தேத்தண்ணி இருக்க வேண்டிய இடத்தில் கோலா வந்து உட்கார்ந்துகொண்டது. விடிகாலை பஸ்ஸை எடுக்குமுன் ஒரு போத்தல், பதுளை ஸ்டாண்டில் இறங்கியதும் ஒன்று, சாப்பாட்டோடு ஒன்று, பின்னேரம் ஒன்று, கடைசி ட்ரிப் முடிந்ததும் ஒன்று. யாராவது கேட்டால், “ரெண்டு மூணு இருக்கும்,” என்பான்.

புதன்கிழமை நெற்றியில் சாம்பலோடு வண்டி ஓட்டினான். ஒன்றும் ஆகவில்லை. வியாழக்கிழமை காலை ஃபேக்டரியைத் தாண்டும்போது இரண்டு கண்ணுக்கும் பின்னால் யாரோ தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் தட்டுவதுபோல் தொடங்கியது. பதுளை போய்ச் சேர்வதற்குள் அது மண்டை முழுக்கப் பரவிவிட்டது. மாத்திரை போட்டான். தைலம் தேய்த்தான். கொண்டக்டர் சுரேஸ் பெல் அடித்தால், அந்த மணி தன் தலைக்குள்ளேயே கட்டியிருப்பது போலிருந்தது.

“பெல் அடிக்காத. வாயால சொல்லு.”

சுரேஸ் வாயால் சொன்னான்.

“அப்படிக் கத்தாத.”

வெள்ளிக்கிழமை எரிச்சல் வந்தது. ரோட்டை மறித்து நின்ற மாட்டைத் திட்டினான். ரோட்டுக்கே வராமல் ஓரமாய் மேய்ந்துகொண்டிருந்த மாட்டையும் திட்டினான். நடுவில் நடுவில் தாடை கழன்றுவிடுவது போலக் கொட்டாவி. முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா, யாரோ கண்ணு வச்சிருக்காங்க தம்பி, சுத்திப் போடச் சொல்லுங்க என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

அன்று மத்தியானம் எட்வர்ட் ஒரு முடிவுக்கு வந்தான். ஒரு போத்தல், ஒரே ஒரு போத்தல், மருந்தாக. பதுளை ஸ்டாண்டில் முன்ஸிப் நானாவின் கடைக்குப் போனான். அந்த வருடம் ரம்ழான் நோன்பும் தவக்காலமும் ஒரே வாரத்தில் தொடங்கியிருந்தன. முன்ஸிப் வறண்ட உதட்டோடு கல்லாவில் உட்கார்ந்து, மற்றவர்களுக்குச் சர்பத் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“நானா, ஒரு கோலா.”

“இல்ல.”

எட்வர்ட் கண்ணாடி அலுமாரியைப் பார்த்தான். மூன்று தட்டு நிறைய இருந்தது.

“அதோ இருக்கே.”

“மத்தவங்களுக்கு இருக்கு. ஒனக்கு இல்ல. றோசாலி புதன்கிழமையே போன் எடுத்துச் சொல்லிட்டா.”

எட்வர்ட் பக்கத்துக் கடைக்குப் போனான். அங்கே கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அந்தப் பையன் தூரத்திலிருந்தே தலையாட்டிச் சிரித்தான். ஸ்பிரிங்வெளி வரை வழியில் இருந்த எல்லாக் கடைக்கும் செய்தி போயிருந்தது. நாற்பத்து நான்கு பேர் ஏறும் பஸ்ஸை ஓட்டும் மனிதனுக்கு ஒரு போத்தல் சோடா கொடுக்க அந்த ரோட்டில் ஆளில்லை.

திரும்பி வந்து முன்ஸிப்பின் பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“மண்டை வெடிக்குதா?” என்று கேட்டார் முன்ஸிப்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எனக்கும் வெடிக்குதே. நோன்பு தொடங்கி மூணு நாளைக்கு இப்படித்தான். ஒடம்பு தேத்தண்ணி கேக்கும். ஒன்ட கறுப்புத் தண்ணியிலயும் அதே சாமான்தான் இருக்கு. அதுக்குப் பேரு கஃபீன்.”

“அப்ப நான் தேத்தண்ணி குடிச்சாத் தலைவலி போயிருமா?”

“போயிரும்.” முன்ஸிப் கண்ணை மூடிக்கொண்டார். “ஆனா அது களவு.”

அடுத்த ட்ரிப்புக்கு நேரம் வரும்வரை இரண்டு பேரும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தன்னைப்போலவே ஒருவர் வேதனைப்படுகிறார் என்பதில் எட்வர்டுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

சனிக்கிழமை வந்தது. தலைவலி பாதியாகக் குறைந்திருந்தது. சனிக்கிழமை கடைசி ட்ரிப் முடிந்து பஸ்ஸை நிறுத்தியதும், சுரேஸ் குடியிருக்கும் லய வீட்டுக்குப் பின்னால் இரண்டு பேருமாகக் கால் போத்தல் சாராயம் குடிப்பது வழக்கம். ஞாயிறு அவனுக்கு லீவு. இதற்காகத்தானே இவ்வளவு பாடும் என்று எட்வர்ட் சந்தோசமாகக் கப்பை நீட்டினான். சுரேஸ் ஊற்றினான். அப்புறம் இரண்டு பேரும் கப்பைப் பார்த்தார்கள். வழக்கமாக அதில் மூன்று பங்கு கோலாவாக இருக்கும்.

“தண்ணி ஊத்தி அடிங்கண்ணே.”

தண்ணீர் ஊற்றிக் குடித்தான். மூக்காலும் கண்ணாலும் வந்தது. இஞ்சிச் சோடா ஊற்றிப் பார்த்தான், கசாயம்போல் இருந்தது. தோடம்பழம் பிழிந்து பார்த்தான். அது இன்னும் மோசம்.

“சுரேஸு, இதுதான் சாராயமா?”

“இதுதாண்ணே எப்பவும் குடிக்கிறது.”

இருபது வருடமாகத் தனக்குச் சாராயம் பிடிக்கும் என்று நம்பியிருந்தவன், கப்பைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

வீட்டில் விளக்கு எரிந்தது. மேசையில் இரண்டு தட்டு. சோறு, பருப்பு, கருவாட்டுப் பிரட்டல். சனிக்கிழமைகளில் றோசாலி அவனுக்குச் சோறு வைப்பதில்லை; அவன் கடலையும் பொரியலும் தின்றுவிட்டு வந்து அப்படியே படுத்துவிடுவான்.

“இன்னிக்கு எனக்கும் ஆக்கியிருக்கே?”

“வருவீங்கன்னு தெரியும்.”

“எப்படி?”

அவள் பருப்பை ஊற்றினாள். “சாராயத்த விடச் சொன்னா விடுவீங்களா? இன்னும் ரெண்டு பாகற்காய்க் கதை சொல்லுவீங்க. நீங்களாவே கோலான்னு சொன்னீங்க. நான் ஏன் தடுக்கணும்?”

எட்வர்ட் சோற்றைப் பிசைந்தான். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதை எந்தப் பாவத்தின் கீழ்ச் சொல்வது என்று அவனுக்கு விளங்கவில்லை. பாவம் அவளுடையதா, தன்னுடையதா என்பதே சந்தேகமாக இருந்தது. கருவாடு மட்டும் நன்றாக இருந்தது. இரண்டாம் தடவை போட்டுக்கொண்டான்.

அடுத்த கிழமையில் தலைவலி போன இடம் தெரியவில்லை. படுத்தால் தூக்கம் வந்தது. நெஞ்சு சும்மா சும்மா படபடக்கிறதே, அப்பாவுக்கு வந்த நெஞ்சு வருத்தம் தனக்கும் வந்துவிட்டதோ என்று இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த பயம் ஒன்று அவனுக்குள் இருந்தது. ஒருநாள் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, படபடப்பு நின்று எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று யோசித்தான். ஞாபகம் வரவில்லை. பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போனது. பஸ்ஸும் ஆறு நிமிடம் முன்னதாக ஸ்பிரிங்வெளி வந்து சேர்ந்தது.

அந்த ஆறு நிமிடம்தான் வம்பாகிவிட்டது. ஐந்து போத்தல் குடிக்கிறவன் வழியில் எங்காவது ஒன்றுக்குப் போக இறங்கித்தானே ஆக வேண்டும்? எட்வர்ட் இறங்குவது தோட்டத்தின் கீழ்ப் பிரிவுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை தொடங்குகிற வளைவில். அங்கே பஸ் ஹோல்ட் கிடையாது. ஆனால் அவன் பற்றைக்குப் பின்னால் போய் வருவதற்குள் கீழ்ப் பிரிவுச் சனம் மூட்டை முடிச்சோடு இறங்கிவிடும். இப்போது பஸ் நிற்காமல் போனது. எல்லாரும் மேலே கடைச்சந்தி வரை போய், அரை மைல் திரும்பி நடக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது கிழமை விஜயலெட்சுமி என்ற பெண் அரிசி மூட்டையோடு பஸ்ஸுக்குள் அவன் சீட்டருகே வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் கீழ்ப் பிரிவுச் சனம் ஏழெட்டுப் பேர்.

“அண்ணே, ஒங்களுக்கு ஏதும் வருத்தமா?”

“இல்லையே, நல்லாத்தானே இருக்கேன்.”

“அதான் கேக்கிறோம். பழையபடி கோலா குடிக்கலாமே. நாங்க வாங்கித் தாறோம்.”

அவள் கையில் உண்மையாகவே ஒரு போத்தல் இருந்தது. குளிர்ந்து, வெளிப்பக்கம் முத்து முத்தாய் வேர்த்து. எட்வர்ட் அதைப் பார்த்தான். பஸ் முழுக்க அவனைப் பார்த்தது. றோசாலி போன் பண்ணாத ஒரே இடம் தன் பஸ்ஸுக்குள்தான் என்று அவனுக்குத் தோன்றியது. கை பாதி வரை போனது.

“சுரேஸு, பெல்ல அடி,” என்றான்.

பெல் அடித்தது. வளைவில் பஸ்ஸை நிறுத்தினான். சனம் இறங்கியது. நிறுத்தியதற்கு பஸ் முதலாளிக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டுமே என்று அவனும் இறங்கிப் பற்றைக்குப் பின்னால் போய், ஒரு வேலையும் இல்லாமல் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு வந்தான். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

உயிர்த்த ஞாயிறன்று பூசை முடிந்து வந்ததும் றோசாலியே ஒரு பெரிய போத்தல் கோலாவை மேசையில் வைத்தாள். “கெட்டிக்காரன்தான். குடிங்க,” என்றாள். எட்வர்ட் கிளாஸ் நிறைய ஊற்றினான். ஒரு மிடறு குடித்தான். பல் கூசியது. சீனிப்பாகைக் கரைத்து ஊற்றியது போலிருந்தது. இன்னொரு மிடறு குடித்துப் பார்த்தான். அவள் எதிரே உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன?”

“கேஸ் போயிருச்சு. பழைய போத்தலக் குடுத்திருக்கான்.”

“வேற வாங்கிட்டு வரவா?”

“வேணாம் வேணாம்,” என்றான் எட்வர்ட், கொஞ்சம் அவசரமாகவே. “நல்ல நாளும் அதுவுமா நீ எதுக்கு அலையிற. சோத்தப் போடு.”