சீதாலட்சுமியின் கண்ணில் தங்கிய பங்குனி

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு பங்குனி மாதம், பௌர்ணமி லீவான ஒரு போயா தினத்தில், காலை பத்து மணிக்கும் பத்தேகாலுக்கும் இடையில், சீதாலட்சுமி பார்த்துக்கொண்டிருந்த காசித்தும்பைச் செடி ஒன்று ஒரு முழம் வளர்ந்து, மொட்டுக்கட்டி, பூத்து, காய் வெடித்து விதையும் சிந்தி முடித்தது. அடுப்பில் வைத்த தண்ணீர்கூட அதற்குள் கொதிக்கவில்லை. அவளுடைய கணவன் காளிதாஸ் வெளியே வந்து செடியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்த வருசம் வெயிலு ஜாஸ்திதான்" என்று சொல்லிக்கொண்டே பீலிக்கரைக்குக் குளிக்கப் போனான்.

ரம்புக்கனையில் ரயில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மலையேறத் தொடங்குகிற இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிகிற ரப்பர் தோட்டத்தில், கீழ்ப்பிரிவு லயத்து ஒற்றையறை வரிசைவீடுகளில் எட்டாம் காம்பரா அவர்களுடையது. மாசியில் அந்த மலை முழுக்க ரப்பர் மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். பங்குனியில் செம்பு நிறத்தில் தளிர் வரும். தளிர் முற்றும்வரை ஐந்தாறு வாரம் மரத்தில் பால் வற்றிப்போகும், பால்வெட்டு வேலையும் குறைந்துபோகும். பதினான்கு வயதிலிருந்து விடியுமுன் எழும்பி முந்நூறு மரம் வெட்டி வந்த சீதாலட்சுமிக்கு, சும்மா உட்கார்ந்து ஒன்றைப் பார்ப்பது எப்படி என்று முப்பது வயதுவரை தெரியாது. அந்தப் பங்குனியில்தான் கற்றுக்கொண்டாள். வாசலில் பெயின்ட் வாளி, தயிர்ச் சட்டி, பால்மா டின், ஓட்டை விழுந்த ரைஸ் குக்கர் என்று இருபத்தேழு ஏனங்களில் பூச்செடி வைத்திருந்தாள். தரையில் நட்டால் அது தோட்டத்துக்குச் சொந்தம், சட்டியில் நட்டால் நட்டவருக்குச் சொந்தம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தரையில் வைத்த மல்லிகையைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிறோம் என்று பிடுங்கி எறிந்தபோது அவளுக்கும் தெரிந்துவிட்டது. சட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கேயும் போகலாம். போவதற்குத்தான் இடம் கிடையாது.

மூன்று நாளில் அந்தப் பார்வையின் விலை விபரமும் தெரிந்துவிட்டது. காசித்தும்பை ஒன்றைப் பூக்கும்வரை பார்த்தால் நாற்பது மரம் வெட்டிய களைப்பு. செவ்வந்திக்கு எண்பது மரம். ரோசாவுக்கு நூற்றைம்பது, அதுவும் முள் இல்லாத ஒட்டு ரோசா என்றால் இன்னும் கொஞ்சம். வளர்ந்து முடிந்தவற்றை அந்தப் பார்வை ஒன்றும் செய்யவில்லை. காளிதாஸை அவள் அன்றும் அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை முறைத்துப் பார்த்திருக்கிறாள். உயரத்திலோ புத்தியிலோ ஓர் அங்குலம் கூடினதாகத் தகவல் இல்லை.

நான்காம் நாள் நடந்ததுதான் அவளுடைய வாழ்க்கையை இரண்டாக வெட்டியது. நான்கு வயது மகள் மதுஷா சட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து மண்ணைக் குழைத்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அந்த ரொட்டியைத் தின்பதுபோலப் பாசாங்கு செய்துகொண்டு தாய் அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கக்கத்தில் சட்டை கிழிகிற சத்தம் கேட்டபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதற்குள் செருப்பு பிய்ந்திருந்தது. பிள்ளைக்கு ஆறு வயது உடம்பு வந்திருந்தது, பேச்சு மட்டும் நான்கு வயதிலேயே நின்று, கைகால் உளைச்சலில் அழுதது. கிளினிக்கில் அளந்து பார்த்த மருத்துவத்தாதி பதின்மூன்று சென்ரிமீட்டர் கூடியிருக்கிறது என்று அட்டையில் எழுதி, பக்கத்தில் 'நன்று' என்றும் போட்டாள். சீதாலட்சுமி மூன்று பகலும் மூன்று இரவும் தூங்கினாள். எழும்பினதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு புருஷனிடம் பேசினாள்.

"இனிமே புள்ளைய நான் பாக்க மாட்டேங்க."

"என்னா பேச்சு இது? பாக்காம எப்பிடி வளக்கிறது?"

"பாத்தா வளத்தே முடிச்சிருவேன்."

காளிதாஸ் எழும்பி அடுப்படிக்குப் போனான். தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்தான்.

தளிர் முற்றி, பால் திரும்பி, பங்குனி போன பிறகும் அவள் கண்ணிலிருந்து பங்குனி இறங்கவில்லை. வேலைக்குப் போனால் அங்கேயும் அதே கதை. கத்தி போட்ட பட்டையை அவள் பார்த்த மாத்திரத்தில் புதுப்பட்டை வளர்ந்து காயம் மூடிக்கொண்டது, சிரட்டையில் நாலு சொட்டுக்கு மேல் விழவில்லை. கங்காணி திட்டினார், கணக்கப்பிள்ளை எழுதினார், துரை ஜீப்பை நிறுத்தி அந்த மரங்களைத் தடவிப் பார்த்து, மரத்துக்கு நல்லது, கம்பெனிக்குக் கூடாது என்று அவளை ரப்பர் ஷீட் காயப்போடும் புகையறைக்கு மாற்றிவிட்டார். அங்கே வளரக்கூடியது எதுவும் கிடையாது. அவள் இருமிக்கொண்டே நிம்மதியாக வேலை பார்த்தாள்.

மகளைத் தொட்டுத் தடவித்தான் வளர்த்தாள். குளிப்பாட்டுவதும் பேன் எடுப்பதும் கை மட்டும் அறிந்த வேலை. ஸ்கூலுக்கு அவள் முன்னால் போவாள், பிள்ளை பின்னால் வரும். லயத்தில் மற்றப் பிள்ளைகள் ஓடித்திரிவதால் எந்நேரமும் தலையைக் குனிந்தே நடந்தாள். கோயில் கமிட்டியில் அதை அடக்கம் என்றார்கள், பீலிக்கரையில் அதையே திமிர் என்றார்கள். மூன்றாம் வகுப்பில் 'எனது தாய்' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது மதுஷா, "எங்கள் அம்மாவுக்கு அழகான முதுகு இருக்கிறது" என்று தொடங்கியிருந்தாள். டீச்சர் அதை அடித்துவிட்டு 'முகம்' என்று திருத்தினார்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில், மாவனல்லையில் பூச்செடி வியாபாரம் செய்த மஹ்ரூப் நானா விஷயம் கேள்விப்பட்டு லொறியோடு வந்தார். வந்தவர் வாசலில் நின்று, அவள் ஒரு செவ்வந்தியைப் பூக்க வைப்பதை முழுதாகப் பார்த்தார். ஆச்சரியப்பட்டால் விலை ஏறிவிடும் என்று தெரிந்த மனிதர். பூவை முகர்ந்து பார்த்துவிட்டு, "மணம் கொஞ்சம் காணாது" என்றார்.

"தங்கச்சி, நீங்க ஒண்ணும் செய்ய வாணாம். நெழல்ல கதிரயப் போட்டுக் குந்தி ஈங்க, அந்தூரியத்தப் பாத்துக்கிட்டு ஈங்க. பாக்கிறதுக்கு என்னா களைப்பு?"

"ஒரு சட்டிக்கு முந்நூறு மரம் களைப்பு நானா."

"அப்ப நூத்தம்பதுக்குப் பாருங்களேன். மொட்டோட நிப்பாட்டுங்க. மிச்சத்த வாங்கிறவன் ஊட்டுல விரியட்டும்."

பாதிக் களைப்பில் முழு விலை வாங்குகிற இந்த மூளையை அவள் மனதுக்குள் மெச்சிக்கொண்டாள். பகல் சாப்பாடு, பஸ் செலவு, போயாவுக்கு லீவு, சின்னப் பிள்ளைகள் யாரும் பக்கத்தில் வரக்கூடாது என்று நாலு நிபந்தனை போட்டாள். நானா மூன்றுக்கு ஒத்துக்கொண்டு பஸ் செலவில் மட்டும் இழுத்துப் பார்த்தார், பிறகு அதற்கும் ஒத்துக்கொண்டார். அதற்குப் பிறகு இந்தப் பக்கத்துக் கல்யாண மேடைகளில் வைத்த அந்தூரியத்தில் பாதி சீதாலட்சுமி பார்த்தது. வாங்கினவர்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் விலை குறைத்துத்தான் கேட்டிருப்பார்கள். அவளுக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. பஸ்ஸில் நின்றபடி தூங்கப் பழகினாள். ஆஸ்பத்திரியில் இரத்தம் காணாது என்று மாதா மாதம் சிவப்புக் குளிசை கொடுத்தார்கள்.

மஹ்ரூப் நானா ஒரு பார்வையில் இரண்டு வரிசை வளர்க்க முடியுமா என்று இரண்டு வருடம் யோசித்தார். மூடிப்போன சலூன் ஒன்றிலிருந்து ஆளுயரக் கண்ணாடி ஒன்றை வாங்கிவந்து, பின்வரிசைச் செடிகள் அதில் தெரிகிறமாதிரி அவளுக்கு முன்னால் சாய்த்துவைத்தார். நேரே இருந்த வரிசை மொட்டுக்கட்டியது. கண்ணாடியில் தெரிந்த வரிசை ஓர் இலைகூட விடவில்லை. நானா கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், விற்றவனை ஏசினார். சீதாலட்சுமி மட்டும் கதிரையிலிருந்து எழும்பி நின்றுவிட்டாள்.

"நானா, வருசத்துக்குக் குடுக்கிற சீலை எனக்கு வேணாம். அந்தக் கண்ணாடியக் குடுங்க."

"மொகம் பாக்கவா?"

"ஆமா. என் மொகம் இல்ல."

கண்ணாடிக்கு பஸ்ஸில் அரை டிக்கட் எடுத்தார்கள். அன்று பின்னேரம் காம்பராவில் அதைச் சுவரில் சாத்தி, மகளைப் பின்னால் நிறுத்தி, ஐந்து வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சீதாலட்சுமி அவளைப் பார்த்தாள். காதைத் தவிர வேறொன்றையும் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. மதுஷா அசையாமல் நின்று பார்த்தாள், கொஞ்ச நேரத்தில் கூச்சம் தாங்காமல் நாக்கைத் துருத்தினாள். அங்குலம் கூடவில்லை. அதன் பிறகு மகள் பெரியவளான சடங்கையும், ஓஎல் பரீட்சைக்குப் போன காலையையும் தாய் கண்ணாடியில்தான் பார்த்தாள். கொரோனா வந்து பள்ளிக்கூடம் போனுக்குள் போன பிறகு போனிலும் பார்த்தாள். பத்தடிக்குப் பத்தடி காம்பராவில் இருவரும் முதுகோடு முதுகு உட்கார்ந்து ஒருவரை ஒருவர் வீடியோ கோலில் அழைத்துப் பேசினார்கள். "ரெண்டு பேரும் திரும்பி உக்காந்தா டேட்டா மிச்சம்" என்று காளிதாஸ் சொல்லுவான். யாரும் சிரிப்பதில்லை, அவனும்தான்.

பெண்பிள்ளை எத்தனை வயதில் வளர்ந்து முடியும் என்று சீதாலட்சுமி விசாரிக்காமல் இல்லை. மருத்துவத்தாதி பதினெட்டு என்றாள். பக்கத்துக் காம்பராவில் இருபத்தொன்று என்றார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டபோது டொக்டர் நிமிர்ந்து பாராமல் சிவப்புக் குளிசையை எழுதிக் கொடுத்தார். ஒரு நாள் தவறாகப் பார்த்து இரண்டு வருடத்தைத் தின்றவள், இன்னொரு தரம் துணியவில்லை.

இரண்டாயிரத்து இருபத்தைந்து பங்குனியில் மதுஷாவுக்கு ஜோர்தானில் ஒரு தையல் பெக்டரியில் வேலை கிடைத்தது. மூன்று வருட ஒப்பந்தம், நடுவில் லீவு இல்லை. பத்திரத்தில் அவளுக்கு இருபது வயது, உடம்பில் இருபத்திரண்டு. மூவரும் பகல் வெயிலில் ரம்புக்கனை ஸ்டேசனுக்கு வந்தபோது, கொழும்பு ரயில் நாற்பது நிமிடம் தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சீதாலட்சுமி வழக்கம்போல மகளுக்கு முதுகைக் காட்டி வாங்குப் பெஞ்சில் உட்கார்ந்து, பிளாட்பாரத்தில் வைத்திருந்த பிகோனியாச் சட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவை வளர்ந்து, பூத்து, வாங்கின் கைப்பிடிக்கு மேலால் வழிந்தன. ஸ்டேசன் மாஸ்டர் வெளியே வந்து, பூவாளியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு உள்ளே போனார்.

"அம்மா, திரும்புங்க."

"வேணாம் புள்ள."

"மூணு வருசம்மா. போன்ல பாத்ததெல்லாம் போதும்."

"நீ கெழவியாகிப் போனா என்னா செய்றது? ஏர்போட்ல பாஸ்போட்டத் திருப்பி மூஞ்சில எறிவான்."

"எறிஞ்சா வீட்டுக்கு வாரேன். திரும்புங்கம்மா. இந்த முதுகப் பாத்துக்கிட்டு நான் ரயில் ஏற மாட்டேன்."

சீதாலட்சுமி புருஷனைப் பார்த்தாள். அவன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு, "பாரு. நான் புடிச்சிக்கிறேன்" என்றான். யாரைப் பிடிக்கப்போகிறான் என்று சொல்லவில்லை. அவள் வாங்கில் கையை ஊன்றி, ஒரு பெரிய கல்லைப் புரட்டுகிறவளைப்போல மெதுவாகத் திரும்பினாள்.

மகளுடைய தாடையில் பருத்தழும்பு இருந்தது. போன் அதை இவ்வளவு நாளும் மெழுகிக் காட்டியிருக்கிறது. நிறம் போனில் இருந்ததைவிடக் கறுப்பு. கண்ணாடி இடது என்றும் போன் வலது என்றும் வழக்காடிக்கொண்டிருந்த மச்சம் வலது கன்னத்தில் இருந்தது. மதுஷா கையிரண்டையும் தொடையில் வைத்து, ஊசி போடுவதற்குக் காத்திருப்பவள்போலக் கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். ஒரு நிமிடம் போனது. ஐந்து நிமிடம் போனது. காளிதாஸ் வந்து மகளை எழுப்பித் தன்னோடு சேர்த்து நிறுத்தி, தோளில் கையை வைத்து அளந்தான்.

"அதே எடத்துலதான் நிக்கிறா" என்றான்.

மதுஷா கண்ணைத் திறந்தாள். "ஒண்ணுமே இல்லியா?"

"ஒண்ணும் இல்ல" என்றாள் தாய்.

"அப்ப வளந்து முடிஞ்சிச்சா? எப்பம்மா முடிஞ்சிச்சு? போன வருசமே பாத்திருக்கலாமா?"

போன வருடமோ, அதற்கு முந்தின வருடமோ, கண்ணாடிக்கு முன்னால் நின்ற ஏதோ ஒரு பின்னேரமோ, யாருக்குத் தெரியும். அந்த மாதத்தைக் குறித்துவைக்க அங்கே யாரும் இருக்கவில்லை. சீதாலட்சுமிக்கு அதற்கெல்லாம் நேரம் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் வர மிச்சமிருந்த அரை மணித்தியாலமும் பார்த்தாள். பதினாறு வருடத்தில் முதல் தடவையாக, ஒன்றை ஆசைதீரப் பார்த்தும் ஒரு மரம் வெட்டிய களைப்புகூட அவளுக்கு வரவில்லை. மதுஷா முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு பசிக்கிறது என்றாள். வடை வாங்கித் தின்றதையும் தாய் பார்த்தாள்.

ரயில் வந்ததும் காளிதாஸ் பெட்டியை ஏற்றினான். மதுஷாவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு சிங்களப் பெண் மடியில் கைக்குழந்தையோடு இருந்தாள். குழந்தையைக் கண்டதும், இத்தனை வருடப் பழக்கத்தில் சீதாலட்சுமியின் கழுத்து தானாகவே மறுபக்கம் திரும்பப் போனது. அவள் விடவில்லை. ரயில் நகர்ந்து ஜன்னல் சின்னதாகும்வரை கண்ணை எடுக்காமல் நின்றாள். பிறகுதான் நூறு மரம் வெட்டிய களைப்பு வந்து இறங்கியது. காளிதாஸ் பிடித்து வாங்கில் உட்காரவைத்தான்.

பொல்கஹவலை தாண்டுமுன் மதுஷா போன் எடுத்தாள். பக்கத்தில் இருந்த குழந்தைக்குக் கீழ்வாயில் இரண்டு பல் முளைத்துவிட்டது என்றும், அதன் தாய் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்து, "அனே, தத் தெகக்!" என்று சொல்லிவிட்டு, பையைத் துழாவி ஒரு பிஸ்கட்டை எடுத்து அதன் கையில் கொடுத்திருக்கிறாள் என்றும் சொன்னாள்.

"கடிக்கிதா?" என்று கேட்டாள் சீதாலட்சுமி.

"நல்லாக் கடிக்கிதும்மா."