மார்ட்டினின் கோட்டு

"இது நெசமாவே தீப்பொறி பட்ட ஓட்டைதானே?"

கோட்டுக் கையிலிருந்த ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டியபடி பெர்சி சின்னய்யா கேட்டான். "ஆமாங்கய்யா" என்றாள் வேலைக்காரி டெலியா.

ஹாலோவே மாளிகையில் அன்று மாலை ஏழை விருந்து. ஏழைகளுக்குச் சோறு போடுகிறார்களாக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். பிட்ஸ்பர்க்கின் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் கந்தல் கட்டிக்கொண்டு, தகரக் குவளையில் ஷாம்பெயின் குடித்து ஆடுவார்கள். அசல் கந்தலுக்குப் பரிசு வேறு. அந்தக் குளிர்காலத்தில் பெரிய வீடுகளையெல்லாம் இந்தப் பைத்தியம் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

டெலியாவின் புருஷன் மார்ட்டின் செத்து நாலு மாதமாகிறது. பெரியய்யாவின் எஃகு ஆலையில்தான். அன்றைக்கு வெக்கை தாங்காமல் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உலைப்பக்கம் போனவன் திரும்பவில்லை. புதைக்க ஒன்றும் மிஞ்சவில்லை. கோட்டு மட்டும் வந்து சேர்ந்தது. கரியும் புகையிலையும் வியர்வையுமாய் அவன் வாசனை அதில் ஒட்டியிருந்தது. மாடியறையில் அதைக் கட்டிக்கொண்டுதான் டெலியா தூங்குவாள். வாசனை நாளுக்கு நாள் குறைவது அவளுக்குத் தெரியும். அந்தப் பயத்தில் ஜன்னலைக்கூடத் திறப்பதில்லை.

"எதுக்குடி தூக்கிக் குடுத்தே?" என்றாள் சமையல்கார கியோ அம்மா.

"இல்லேன்னா வேலைல வச்சுப்பாங்களா? காலைல திருப்பித் தரேன்னாரு. தோய்க்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கேன்."

"சின்னய்யா சத்தியமா! வெளங்கினாப்லதான்."

கூடத்தில் வயலின்கள் தொடங்கின. தட்டை ஏந்திக்கொண்டு டெலியா கந்தல்களுக்கு நடுவே நடந்தாள். ஆட்டத்தில் உடம்பு சூடேறிய பெர்சி அவளை உரசிக்கொண்டு போனபோது, கோட்டிலிருந்து குப்பென்று மார்ட்டின் எழுந்தான். இத்தனை நாள் இல்லாத வீச்சு. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. விளக்குகள் கலங்கி மங்கின. அந்த முதுகு மார்ட்டினுடைய முதுகு. சம்பள நாளில் இப்படித்தான் சுற்றிச் சுற்றி ஆடுவான். என் ராசா, உனக்கு இவ்வளவு பெரிய வீடா, இவ்வளவு மெழுகுவர்த்தியா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டே, தட்டோடு அவன் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். யாரும் கவனிக்கவில்லை.

வயலின் நின்றது.

"பஞ்சம் தீந்துச்சு! கந்தலெல்லாம் நெருப்புக்கு!" என்று யாரோ கூவ, ஒரே ஆரவாரம். சால்வைகளும் தொப்பிகளும் கணப்புக்குள் போய் விழுந்தன. பெர்சியும் சிரித்துக்கொண்டே கோட்டைக் கழற்றினான்.

டெலியா தட்டைத் தரையில் வைத்துவிட்டு ஓடிப்போய்க் கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அட, விடு டெலியா. புதுசா பத்து வாங்கித் தரேன்."

"ஒரு தடவ நெருப்புக்குக் குடுத்தது போதுங்கய்யா."

பெர்சிக்கு விளங்கவில்லை. ஆனால் பிடி தளர்ந்தது. அவள் கோட்டைப் பிடுங்கி, வெள்ளை ஏப்ரனுக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள். கைகள் நீண்டு அவள் விரல்களை மூடின.

"பிரமாதம்! பரிசு இவளுக்குத்தான்!" என்று ஒரு பெண் கத்தினாள். எல்லோரும் கைதட்டத் தொடங்கினார்கள்.

கோட்டின் உள்துணியில் இன்னும் இளஞ்சூடு இருந்தது. டெலியா கழுத்துப்பட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தான் ஒருநாளும் தாண்டியிராத முன்வாசலைப் பார்த்து நடந்தாள். கைதட்டிக்கொண்டே அவர்கள் விலகி வழிவிட்டார்கள்.