போய் அறிவிக்கிறம்

என்னைக் கேட்டால், இன்டர்நெட்டுக்கு இரவு ஒன்பது மணிக்கு ஒரு பூட்டுப் போட வேண்டும். இதை நான் ஒளித்துச் சொல்வதில்லை. இங்கே கனடாவில், றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் அன்னதான வரிசையில் நின்று, முன்னுக்கும் பின்னுக்கும் நிற்கிற ஆட்களுக்குக் கேட்கத்தான் சொல்வேன். சிகரெட் பெட்டியைக் கடையில் மறைத்து வைக்கச் சொல்கிற அரசாங்கம் இதை மட்டும் ஏன் திறந்து விட்டிருக்கிறது? என் மனிசன் பொன்னம்பலம் இதற்கு நேர் எதிர். நாடகங்களை எல்லாம் காசு கொடுக்காமல் கம்பியூட்டரில் பார்க்கிறவர். அரசாங்கம் அதில் கை வைத்தால் ஒட்டாவாவுக்கு ஊர்வலம் போவாராம்.

அப்படிப்பட்ட நான் அந்தக் கம்பியூட்டரிலேயே மகனுக்குப் பெண் பார்க்க வேண்டி வந்தது. ஊரில் சண்டை முடிந்து, முகாம்களிலிருந்து சனம் வெளியே வரத் தொடங்கியிருந்த நேரம். என் மகன் கஜீவனுக்கு முப்பத்தைந்து வயதாகிவிட்டது. வந்த படங்களை எல்லாம் பார்க்காமலே திருப்பித் தந்தவன், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நிலாணியின் படத்தை மட்டும் வாங்கித் தன் அறைக்குள் கொண்டுபோய்விட்டான். எனக்கு நெஞ்சுக்குள் மேளம் அடித்தது. இது குழம்பினால் இவன் இனிக் கலியாணமே கட்டமாட்டான்.

குழம்புவதற்கு ஒரு காரணமும் இருந்தது. ஒஷாவாவில் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தவனை ஆட்குறைப்பில் நிறுத்திவிட்டார்கள். இப்போது பகலில் கொலிச்சில் படிக்கிறான், பின்னேரத்தில் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கிறான். நான் தரகரிடம் எஞ்சினியர் என்று சொல்லியிருந்தேன். காருக்குள்ளே இருப்பதும் எஞ்சின்தானே.

ஒரு சனிக்கிழமை காலை நான் பட்டுச்சேலை உடுத்து, பொன்னம்பலத்துக்குக் கோட் போட்டுவிட்டு, கஜீவனை நடுவில் இருத்திக்கொண்டு ஸ்கைப்பைத் திறந்தேன். அங்கே பின்னேரம். கொமினிக்கேசன் கடை ஒன்றில் இருந்த கம்பியூட்டருக்கு முன்னால் நிலாணியும் தாய் தகப்பனும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். தாய் தேத்தண்ணித் தட்டைக் கமெராவுக்குக் கிட்டக் கொண்டுவந்து, "எடுங்கோ" என்றா. பொன்னம்பலம் கையை நீட்டிவிட்டார். பிறகு நாங்களும் வடைத் தட்டைக் காட்டினோம். இரண்டு பக்கமும் ஆளை ஆள் பார்த்துக்கொண்டு மரியாதையாகச் சாப்பிட்டோம்.

நிலாணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நீங்கள் சமைப்பீங்களோ?"

கஜீவன் வாயைத் திறக்க முதல் நான் முந்திவிட்டேன். "அவருக்கு நேரம் எங்க, பிள்ளை? எஞ்சினியர் வேலையெல்லே."

கஜீவன் தலையைக் குனிந்துகொண்டான். நிலாணியின் தகப்பன் சிவபாதம் எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றாரே தவிர முகத்தில் ஒரு அசைவுமில்லை. கடைசியில் பொன்னம்பலம் எழுந்து நின்று கும்பிட்டு, "அப்ப நாங்கள் போய் அறிவிக்கிறம்" என்றார். எங்கே போகிறது, எங்கள் வீட்டுக்குள்தானே நிற்கிறோம். ஆனாலும் பெண் பார்க்கப் போனால் அப்படிச் சொல்லிவிட்டுத்தானே வர வேண்டும். சொல்லிவிட்டு, நாடகம் முடிந்தால் செய்வது போலத் திரையின் பொத்தானை அமத்தினார். திரை கறுத்தது.

"அப்பாடா" என்று நான் கதிரையில் சாய்ந்தேன். "பிள்ளை கிளி மாதிரி. எங்கட உவனுக்கு இது கூடித்தான் போச்சு. தகப்பன்தான், அந்தாள் வரி அறவிட வந்த ஆள் மாதிரி முழுசிக்கொண்டு இருக்குது."

"தாயின்ர வடிவுதான் பிள்ளைக்கு" என்றார் பொன்னம்பலம், தேவையில்லாத உற்சாகத்தோடு.

"அம்மா, நான் அந்தப் பிள்ளைக்கு உண்மையைச் சொல்லப்போறன்" என்றான் கஜீவன்.

"உனக்கென்ன விசரா? கட்டினாப் பிறகு ஆறுதலாச் சொல்லலாம்."

"எனக்கு வேலை இல்லை. பீட்சா குடுக்கிறன். நல்லாச் சமைப்பன். அவவுக்குச் சொல்ல என்னட்டை இருக்கிறது இவ்வளவுதான். வேற ஆளெண்டால் நீங்கள் என்ன பொய்யும் சொல்லுங்கோ, நான் பேசாமல் இருப்பன். இவவுக்கு வேண்டாம். எனக்கு இவவைப் பிடிச்சிருக்கு."

என் பிள்ளையின் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதேயில்லை. கோபப்படுவதா, கட்டிப்பிடிப்பதா என்று தெரியாமல் ஒரு வடையை எடுத்துக் கடித்தேன். அப்போது மேசைக்குக் கீழே இருந்த ஸ்பீக்கர் இருமியது.

"அம்மா, நாங்கள் இன்னும் இருக்கிறம்" என்றது சிவபாதத்தின் குரல். "உங்கட சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருக்கு. எங்களுக்கு இதை நிப்பாட்டத் தெரியாது. கடைக்காரர் தேத்தண்ணி குடிக்கப் போயிட்டார்."

கடித்த வடையை நான் தட்டில் திருப்பி வைத்தேன். பொன்னம்பலம் கோட்டின் பொத்தானைப் பூட்டினார், யாரோ வாசலுக்கு வந்துவிட்ட மாதிரி.

"அண்ணை, அந்த வரிக் கதை..." என்று நான் இழுத்தேன்.

"நான் இப்ப சிரிச்சுக்கொண்டுதான் இருக்கிறன் அம்மா. உங்களுக்குத் தெரியேல்லை, அவ்வளவுதான்."

உண்மையாகவே சிரித்தார். தாயும் சிரித்தா. அந்தச் சிரிப்பு தொற்றி நானும் சிரித்து, கண்ணில் தண்ணீர் வந்து, சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன். பொன்னம்பலம் மேசையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். கஜீவன் மட்டும் சிரிக்கவில்லை. கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்ரி" என்று நிலாணியின் குரல் வந்தது. எல்லோரும் அடங்கினோம். "இப்ப நீங்கள் என்னைக் காணேல்லைத்தானே?"

"இல்லைப் பிள்ளை. திரையை அணைச்சுப் போட்டார் இந்த மனுசன்."

"அப்ப எனக்குச் சொல்ல லேசு. அப்பா படத்தில மறைக்கச் சொன்னவர். இப்பவும் கமெராவுக்குக் காட்டாமல்தான் இருத்தினவர். எனக்கு இடது கை மணிக்கட்டோட இல்லை. போன மே மாதம், சண்டையின்ர கடைசி நேரத்தில ஷெல் பட்டது. கஜீவன் சொன்னதைக் கேட்டாப் பிறகு மறைக்க மனமில்லை. நீங்கள் யோசிச்சு, போய் அறிவியுங்கோ. எனக்குக் கவலையில்லை."

கவலையில்லை என்ற சொல்லில் குரல் உடைந்தது. எனக்கு அப்போதுதான் சிவபாதம் ஏன் முழுசிக்கொண்டு இருந்தார் என்று விளங்கியது. கஜீவனைப் பார்த்தேன். அவன் ஸ்பீக்கரைத் தூக்கி மேசையில் வைத்து அதற்குக் கிட்டே குனிந்திருந்தான்.

"நோகுதோ?" என்று கேட்டான்.

"பனி நேரம் கொஞ்சம் நோகும்."

"இஞ்ச குளிர் கூட" என்றான். "நான் நல்ல கையுறை வாங்கித் தாறன்."

அந்தப் பக்கம் ஒரு விம்மல் கேட்டது. அது சிரிப்பாக மாறியதும் எனக்குக் கேட்டது. நான் பொன்னம்பலத்தின் கோட்டைப் பிடித்து இழுத்தேன்.

"என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறியள்? திரையைப் போடுங்கோ. நான் என்ர மருமகளைப் பார்க்கோணும்."

அவர் பொத்தான் எங்கே இருக்கிறதென்று தேடிக்கொண்டிருந்தார்.